அழைக்காமல் நுழையாதவன்

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் நலம். துவாரகாவில் குளிர் தொடங்கிவிட்டது. சிறைக்குச் சாப்பாடு கொண்டுவரும் உங்கள் தம்பி மூலமாக இது எப்படியாவது உங்கள் கைக்கு வந்துவிடும் என்று நம்புகிறேன்.

ராணுவத்தார் வந்து உங்களை அழைத்துப் போவதற்கு முன் ரங்கூனிலிருந்து நீங்கள் துண்டு துண்டாக அனுப்பிய படத்தை, உங்கள் நண்பர் ஆரிப் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களை அழைத்து, நம் வீட்டுச் சுவரிலேயே போட்டோம்.

பேய்ப்படம் என்று சொல்லி நீங்கள் எடுத்தது என்னவென்று எல்லோருக்கும் புரிந்தது. ராணுவ உடுப்பில் வரும் ரத்தக்காட்டேரி வீடு வீடாகப் பணிவோடு அனுமதி கேட்கிறது. அழைத்தால்தான் அதனால் உள்ளே நுழைய முடியும். அந்த வேஷம் போட யாரும் துணியாததால் நீங்களே போட்டீர்கள் என்று சொன்னேன்.

ப்ரீதாவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். கடைசிக் காட்சியின்போது ஓடி வந்துவிட்டாள். சுவரில் உங்கள் முகம். எவ்வளவு இளைத்துவிட்டீர்கள்! நீங்கள் 'உள்ளே வரலாமா' என்று கேட்பதற்கு நான் படத்தின் கீழே போட்டிருந்த இந்தி வசனத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "அந்தர் ஆவூம்?"

"ஆவோ அப்பா, ஜல்தி உள்ள வாங்க" என்று சுவரருகே போய்விட்டாள்.

படத்தில் தெருவே கூடி "வராதே" என்று கத்தியது. நண்பர்கள் கைதட்டினார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ஏன் எல்லாரும் அப்பாவ வேணாங்கறாங்க?"

அதற்குப் பதிலை நீங்களே வந்து சொல்லுங்கள்.

உங்கள் மனைவி