நான்கு துளைகள்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து வேலை ஓடவில்லை. பட்டறையைத் திறக்கும்போதே மகள் தன் காரின் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். "நாசில் போடலாம்மா. முடிவு பண்ணிட்டேன்." 22ஆம் தேதி கால் மைல் பந்தயம். இருபத்தாறு வயது அவளுக்கு. ஓட்டப்போவது அவள், இன்ஜின் நான் கட்டியது.

நைட்ரஸ் வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. அந்த வாயு உள்ளே போனால் இன்ஜின் கூடுதலாகப் பெட்ரோலை எரிக்கும். சில விநாடிகளுக்கு அது வேறு வண்டி. எந்த வழியாக விடுவது என்பதில்தான் மல்லுக்கட்டு. பிளேட் என்றால் விரல் தடிமனில் ஒரு தட்டு. காற்று நுழையும் வாயில் பொருத்தினால், வாயுவையும் பெட்ரோலையும் அங்கேயே தெளித்து நாலு சிலிண்டருக்கும் பொதுவாக அனுப்பும். நாலு போல்ட் வேலை. வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். நாசில் என்றால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டின் நாலு குழாயிலும் துளை போட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக ஊட்ட வேண்டும். சக்தி அதிகம். போட்ட துளை போட்டதுதான்.

"மேனிஃபோல்டு சுவர் மெலிசு. துளை தாங்காது" என்றேன்.

"அளந்தியா?"

"அளந்தேன்."

அளக்கவே இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 4, புதன்

இன்று அளந்தேன். ஆறு மில்லிமீட்டர். தாராளமாகத் தாங்கும்.

சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி

பிளேட்டை மாட்டியாயிற்று. மகள் டார்ச் பிடித்தாள், வாதாடவில்லை. "நீ அளந்து சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்." இதற்கு என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

வீட்டில் இவர் கேட்டார், எது நல்லது என்று. பள்ளி வேன் ஓட்டுகிறவர். முள் நாற்பதைத் தாண்டினால் இவருக்கு வியர்த்துவிடும். பிளேட் என்றேன். "வண்டிக்கு நல்லதா, உனக்கு நல்லதா?" என்று கேட்டுவிட்டு பேப்பரைப் புரட்டப் போய்விட்டார். மனுஷன் வாயைத் திறப்பதே அபூர்வம், திறந்தால் இப்படி. கழுவின பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன்.

வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டையும் தராசில் வைத்த மாதிரி நிறுத்துச் சொல்கிறவள் நான். சொந்த மகளுக்கு மட்டும் ஒரு தட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தியிருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

பந்தயத் தடத்தில் சோதனை ஓட்டம். இரண்டு முறை நன்றாகத்தான் போனது. மூன்றாவது முறை, பாதித் தூரத்தில் ஒரு சத்தம் — தகரத்தில் கூழாங்கல் விழுவதுபோல. இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடினேன். பார்த்துவிட்டாள். நிறுத்திவிட்டாள்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினோம். நாலாவது கறுத்துப் பெட்ரோலில் நனைந்திருந்தது. முதலாவதின் பீங்கான் சாம்பலாய் வெளுத்திருந்தது, அதன்மேல் பொடிப் பொடியாய் வெள்ளிப் புள்ளிகள். அது பிஸ்டனின் தோல். இன்னொரு ஓட்டம் ஓடியிருந்தால் பிஸ்டனே ஓட்டையாகியிருக்கும்.

இந்த மேனிஃபோல்டு காற்றுக்கு மட்டும் செய்தது. ஒரு பக்கமாக நுழைவாயில். பெட்ரோல் கனமானது, திருப்பத்தில் திரும்பாமல் நேரே ஓடி நாலாவதில் போய்க் கொட்டிவிட்டது. முதல் சிலிண்டருக்கு வாயுதான் மிஞ்சியது. பட்டினியில் எரிந்திருக்கிறது. இது எனக்குத் தெரியாத விஷயமா? வேறு யார் வண்டியாக இருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பேன்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். சுவர் மெலிசு இல்லை, அளக்காமல் சொன்னேன், அளந்த பிறகும் சொல்லவில்லை.

அந்தப் பிளக்கை என் கையில் வைத்தாள். "வேகமாப் போறது பயமா இருக்குன்னா என்கிட்ட சொல்லு, சண்டை போடு. உன் பயத்தை ஏம்மா என் இன்ஜின்ல மாட்டுற?"

பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினேன்.

மார்ச் 9, திங்கள்

பேசவில்லை. சாப்பிடும்போது "உப்பு" என்றாள். அதுவும் அவள் அப்பாவிடம்.

மார்ச் 11, புதன்

சின்னக் கேமராவை முதல் சிலிண்டருக்குள் விட்டுப் பார்த்தேன். பிஸ்டன் விளிம்பு கொஞ்சம் பொரிந்திருக்கிறது, பிழைத்துக்கொள்ளும். நிமிர்ந்தால் மேனிஃபோல்டைக் கழற்றி மேஜையில் வைத்திருக்கிறாள்.

"துளை நீ போடறியா, நான் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"நீயே போடு. உன் கைதான் நேரா இறங்கும்." குரலில் கோபம் அப்படியே இருந்தது.

நாலு துளை. நாலும் நேராக இறங்கின. வேலையில் இருக்கும்வரை இந்த மனசு வாயை மூடிக்கொண்டிருக்கிறது. கையைத் துடைத்ததும் ஆரம்பித்துவிடுகிறது.

மார்ச் 14, சனி

நாலு நாசிலையும் நாலு பாட்டிலுக்குள் விட்டு, பத்து விநாடி பெட்ரோல் பிடித்துப் பார்த்தோம். மூன்றாவதில் அளவு குறைவு. கழற்றி ஊதினாள். தலைமுடி மாதிரி ஒரு அலுமினியச் சுருள். துளை போட்ட பிறகு சுத்தம் செய்தது நான்தான்.

"எனக்குக் கண்ணு போயிடுச்சுடி."

"அதுக்குத்தானே பாட்டில் வெச்சோம். விடு." மறுபடி பிடித்தோம். நாலும் ஒரே மட்டம். அதை மூன்று தடவை பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

மார்ச் 21, சனி

நாளைக்கு. ஒரே போல்ட்டை ஐந்தாவது தடவை முறுக்கிப் பார்க்கிறேன். அது என்ன பாவம் செய்தது?

மார்ச் 22, ஞாயிறு

முதல் சுற்று ஜெயித்தாள். அவள் ஓடிய மிகக் குறைந்த நேரம் அது. மகிழத் தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் சுற்றில் ஒரு வண்டி நீளம் முன்னால் போய்க்கொண்டிருந்தவள், கடைசிக் கால்வாசியில் சட்டென்று தணிந்தாள். பக்கத்து வண்டி தாண்டிப் போனது. தடத்தின் முடிவுக்கு ஓடினேன்.

இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "பெட்ரோல் பிரஷர் முள்ளு இறங்கிச்சும்மா. நைட்ரஸ் பட்டனை விட்டுட்டேன்."

பம்ப்பின் வயர் ஒன்று உருகியிருந்தது. இன்னும் ஒரு விநாடி அழுத்திப் பிடித்திருந்தால் நாலு பிஸ்டனும் போயிருக்கும். ஜெயிக்கிற வண்டிக்குள் இருந்துகொண்டு முள்ளைப் பார்த்திருக்கிறாள். நான் இத்தனை நாள் யாரை நினைத்துப் பயந்தேன்?

"தோத்துட்டோமே" என்றேன், வேறு எதுவும் வராமல்.

"ஆமா. கடுப்பா இருக்கு. பசிக்குது."

மார்ச் 30, திங்கள்

பழைய கார்புரேட்டர் வண்டிக்காரர் ஒருவர் வந்தார். "பிளேட் போடலாமா, நாசிலா?" என்று என்னிடம் கேட்டார். வாயைத் திறந்தேன். பிறகு, "அவகிட்ட கேளுங்க" என்றேன்.

மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எவ்வளவு சக்தி வேணும், தினமும் ஓட்டுற வண்டியா, துளை போட்டா வருத்தப்படுவீங்களா என்று கேட்டாள். குனிந்து மேனிஃபோல்டைத் தடவிப் பார்த்தாள். அளவுகோலை எடுத்து அளந்தாள்.

"உங்களுக்குப் பிளேட்டே போதும்ணே. இது பெட்ரோல் போறதுக்குன்னே செஞ்ச மேனிஃபோல்டு, நாலுக்கும் சமமாப் பிரிச்சுக் கொடுக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தேன்.