பட்டம் பெற்ற ஆண்டு

மே 12, 2025

இந்த விவகாரம் முடியும்வரை கீழ்க்கண்ட வரிசையில் எழுதுவேன்:
1. துறை கேட்பது என்ன.
2. யாரிடம் கேட்கலாம்: பட்டம் பெற்ற பழைய மாணவர்களிடம் மட்டும்.
3. நான் செய்தது.
4. விளைவு.

முதலாவது. பல்கலைக்கழகத்திலிருந்து மெக்கானிக்கல் துறைத் தலைவர் ஜெயஸ்ரீ காலையில் கூப்பிட்டார். பதினொரு மாணவர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி தருவதாகச் சொன்ன தொழிற்சாலை கையை விரித்துவிட்டது. 26ஆம் தேதி தொடங்காவிட்டால் அவர்களின் இறுதியாண்டு முடிவு நிறுத்திவைக்கப்படும். இரண்டு பெண்களுக்கு ஜூலையில் வேலை காத்திருக்கிறது. "வெளியார் நிறுவனம்னா பதிவாளர் அனுமதிக்கு ஒரு மாசம் ஆகும் சார். பழைய மாணவர் நிறுவனம்னா உங்க சங்கச் செயலாளர் கையெழுத்தே போதும்."

அந்தப் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் நான்தான். கூட்டக் குறிப்பை ஒழுங்காக எழுதுகிறேன் என்று இருபது வருடம் முன்பு பிடித்துப் போட்டார்கள். விடுவிக்க மறந்துவிட்டார்கள்.

மே 13

வாட்ஸ்அப் குழுவில் 212 பேர். வேண்டுகோளை நான்கு முறை திருத்திப் போட்டேன். பதில்: முப்பத்தெட்டு கும்பிடு. இடம் ஒன்றுகூட இல்லை.

மே 15

தொழிற்சாலைகளில் இருக்கும் பழைய மாணவர்கள், மணலியில் இருவர், எண்ணூரில் ஒருவர் - நேரிலேயே போய்ப் பார்த்தேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வார்களாம்.

மனைவி ரோஸ்மேரி மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அவங்க கேட்டுச் சொல்லுததுக்குள்ள அந்தப் பிள்ளைகளுக்குப் பேரன் பேத்தி வந்துரும். காசிமேட்டுல உங்ககூடப் படிச்ச பாஸ்கர் இருக்காருல்லா?"

இருக்கிறான். விசைப்படகு இன்ஜின் பட்டறையும் ஐஸ் பேக்டரியும் வைத்திருக்கிறான். ஆனால் கடைசி வருடம் மூன்று பாடம் தவறிப்போய், அப்பாவும் இறந்துவிட, படிப்பை விட்டுப் படகேறியவன். பட்டம் இல்லை. 'உறுப்பினர் என்பவர் பட்டம் பெற்றவர்' என்று சங்க விதியை எழுதியவன் நான். அந்த விதிப்படி அவன் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தவனும் நானே. எந்த முகத்தோடு போவது?

மே 17

போகவில்லை. மழை வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

மே 19

போனேன். பேச வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டுதான் போனேன். பாஸ்கர் சீட்டைப் பார்த்துவிட்டான்.

"இன்னா அருளு, பிட்டு பாத்துப் பட்ச்சினு கீற? இத அன்னிக்கே எனக்குக் கத்துக் குட்த்திருந்தா நானும் பாஸாயிருப்பேன்ல?"

விஷயத்தைச் சொன்னேன்.

"பதினோரு பேரா? இட்டுனு வா. தடைக்காலம், எவனும் கடலுக்குப் போவல. எல்லா போட்டு இன்ஜினும் பிரிச்சிப் போட்டு கீது. வர்சத்துல இப்பத்தான் பாக்க முடியும்."

இரண்டு பெண்கள் உண்டு என்றேன்.

"அதுக்கு இன்னா? பொண்ணுன்னா ஸ்பேனரு கட்ச்சிருமா?"

பிறகு விதியைப் பற்றிச் சொன்னேன். அவன் சிரித்தான். "தெரியும் மாமு. போன வர்சம் உங்க ஃபங்ஷனுக்கு வந்தேன். லிஸ்ட்ல பேரில்லன்னு வாசல்லயே நிறுத்திட்டானுங்க. வுட்டேனா? சமையல்காரன் நம்ம தோஸ்து. பின்னால பூந்து பிரியாணி துன்னுட்டுத்தான் போனேன்."

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் - சரியாக வரவில்லை.

மே 20

விதியைத் திருத்த நாற்பது பேர் சம்மதம் வேண்டும். 'பட்டம் பெற்றவர்' என்பதைப் 'படித்தவர்' என்று மாற்றலாமா என்று குழுவில் கேட்டேன். மாலைக்குள் நாற்பத்து மூன்று கும்பிடு.

கும்பிடு என்றால் சம்மதமா? நடுவில் யாரோ தன் திருமண நாள் படத்தை வேறு போட்டிருந்தார். எத்தனை கும்பிடு விதிக்கு, எத்தனை தம்பதிக்கு? இரண்டு முறை எண்ணிப் பார்த்தும் பிரிக்க முடியவில்லை.

பாஸ்கரிடமே கேட்டேன். "கும்புடு போட்டவன் எவனாவது வேணாம்னானா? கையெத்தப் போடு நைனா, பேஜாரு பண்ணாத."

மே 21

போட்டேன்.

ஜூன் 7

பயிற்சி இன்று முடிந்தது. ஜூலையில் வேலைக்குப் போகும் ஷிஜி, தன் குழுவோடு பூட்டிய இன்ஜினைக் கிளப்பினாள். மூன்றாவது முறையில் பிடித்தது. ஒரே புகை. முகமெல்லாம் கிரீஸ். "சார், ஓடுது சார்!" என்று என்னிடம் ஏன் கத்தினாள் என்று தெரியவில்லை, நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன். ஆனாலும் கை தட்டினேன்.

ஜெயஸ்ரீ பதினொரு சான்றிதழையும் வாங்கிக்கொண்டார். அடுத்த வருடத் தடைக்காலத்துக்கும் இப்போதே இடம் கேட்டார். பழைய மாணவர் படிவத்தைப் பாஸ்கரிடம் நீட்டினார். 'பட்டம் பெற்ற ஆண்டு' என்ற கட்டத்தில் பேனா நின்றது. அந்தப் படிவமும் நான் தயாரித்ததுதான்.

பாஸ்கர் எழுதினான்: 'வரும்.'

"மூணு அரியர் கீது மேடம். நான் பழைய மாணவனே இல்ல. இன்னும் மாணவன்தான்."

ஜெயஸ்ரீ சிரித்து, அப்படியே முத்திரை குத்தினார்.

அந்த விதியைச் சங்கத்தின் மதிப்புக்காக எழுதினேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. பாஸ்கரிடம் இல்லாதது என்று என்னிடம் இருந்தது அந்த ஒரு பட்டக் காகிதம்தான்.

முதல் நாள் எழுதிய வரிசையில் இரண்டாவது, 'பட்டம் பெற்ற பழைய மாணவர்களிடம் மட்டும்' என்றது, தவறு.