படித்துப் புரிந்துகொண்டேன்

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி

எதிர்கால உலகின் மாபெரும் கல்விச் செல்வியும், என் தங்கை பெற்ற ஒரே மகளும், ஐந்து மாதம் என் வீட்டு மாடியறையில் தங்கி ஒரு கப்பல் கொள்ளும் பிஸ்கட்டைக் காலி செய்தவளுமான டீச்சரம்மாவுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. எழுதுவது என்றால், கை உன் அத்தையுடையது, கோபம் என்னுடையது. எழுத்து முத்துமுத்தாக இருக்கிறதே, மாமா சாந்தமாகிவிட்டார் போல என்று ஏமாந்துவிடாதே. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ "மாமாஆ" என்று ஒரு இழுப்பு இழுப்பாய், நான் அடுப்பில் விழுந்த வெண்ணெயாகிவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான்.

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுத உன் அத்தை தயார். நான் தயாரில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மாடியறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது; இந்த வேகத்தில் போனால் அடுத்த வருஷம் நாங்கள் படகில்தான் படியேற வேண்டும். நீ விடுதி அறைக்குக் கேட்ட புத்தக அலமாரியை முடித்துவிட்டேன். நாலு யானை அதன்மேல் ஏறி நடனம் ஆடினாலும் ஒரு ஆணி முனகாது. பாலிஷ் மட்டும்தான் பாக்கி. பட்டறைப் பாலிஷ்காரரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லாததால் அது பாக்கி. ஏன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் உனக்குத் தெரிந்தது பாதி. மீதியையும் கேள்.

எங்கள் பட்டறையில் காலை பத்தரைக்கு அறுவை இயந்திரம் நிற்கும். பன்னிரண்டு பேர் பலகை அடுக்கின்மேல் டீ டம்ளரோடு உட்காருவோம். நான் செய்தித்தாளைப் பிரித்து உரக்க வாசிப்பேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த ராஜாங்கம் நடந்தது. எனக்கு அவர்கள் மந்திரி என்று பேர் வைத்ததே அதனால்தான். நான் வாசித்த செய்திகள் வேறெந்தப் பத்திரிகையிலும் வராதவை. திமிங்கலம் ஒன்று கெட்டுப்போன கப்பலைக் கயிற்றைக் கவ்வி இழுத்துக் கரை சேர்த்தது. புதுப் பாலத்தில் பூனைகளுக்கென்று தனிப் பாதை விட்டார்கள். வராதவை என்றேனே, எப்படி வரும்? படத்தைப் பார்த்துவிட்டுச் செய்தியை அந்த இடத்திலேயே நான்தானே செய்தேன். எண்கள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பத்தடி தள்ளி நின்றே ஒரு பலகையின் அளவைச் சொல்லிவிடுவேன். எழுத்து மட்டும் என் கண்ணுக்கு, வழி தவறிய எறும்புக் கூட்டம்.

ஐம்பத்து நாலு வயதுவரை இதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நீ கண்டுபிடித்தாய். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பயிற்சி ஆசிரியையாக வந்து சேர்ந்த மூன்றாம் நாள், வகுப்பில் காட்டப்போகும், வாசிக்கக் கற்றுத்தரும் 'ஆப்' ஒன்றை என்மேல் சோதித்துப் பார்க்கிறேன் என்று டேப்லெட்டை நீட்டினாய். படம் வந்தது, தொட்டேன், எல்லாம் சரி. பத்துக்குப் பத்து. மகாராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்தேன். நீ ஏதோ தட்டினாய். படம் எல்லாம் போய் வார்த்தைகள் மட்டும் நின்றன. என் விரலும் நின்றது. நீ சிரிக்கவில்லை. "மாமா, நாம ரெண்டு பேரும் தினமும் அரை மணி நேரம் விளையாடலாமா?" என்றுதான் கேட்டாய். அந்த ஒரு கேள்விக்காக உனக்கு நான் என் வலது காதை அறுத்துக் கொடுத்திருப்பேன்.

அந்த ஐந்து மாதமும் நடந்ததைச் சொல்லிக்காட்டத் தேவையில்லை. விரலால் எழுத்தின்மேல் கோடு இழுத்தால் அது மினுங்கும். பிழையாக வாசித்தால் ஓர் ஆந்தை தலையைச் சாய்த்து, "மீண்டும் முயற்சி செய்யுங்கள்" என்னும். அந்த ஆந்தை என்னிடம் அதைப் பத்துக் கோடி முறை சொல்லியிருக்கும். அதன் குரலை எருமை நடக்கும் வேகத்துக்குக் குறைத்து வைத்துத் தந்தாய். என் குரலையே பதிந்து எனக்குக் கேட்கவிட்டாய். எங்கே தடுக்குகிறேன் என்று நானே கண்டுபிடித்தேன். நீ நல்ல டீச்சர். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை, குற்றச்சாட்டின் முதல் பகுதியாகச் சொல்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. பத்தரை மணி. செய்தித்தாளைப் பிரித்தேன், முதல் பக்கத்தில் ஒரு கப்பல் படம். வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். ஒருவனும் சிரிக்கவில்லை. டீயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். பாலிஷ்காரர் மெதுவாகக் கேட்டார்: "மந்திரி, அந்தப் படத்துக்குக் கீழ என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிங்களேன்." அப்போதும் நான் விட்டேனா? கண்ணாடியை மறந்துவிட்டு வந்தேன் என்றேன். கண்ணாடி என் மூக்கின்மேல் இருந்தது.

அவருடைய மருமகளும் உன் பயிற்சி நிலையத்தில்தான் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா? அவர் போனைத் திருப்பிக் காட்டினார். பெரிய கூடம், பெரிய திரை, திரையில் நான். என் பழைய பனியன். முதல் வாரத்தில் உன் டேப்லெட் படம் பிடித்து வைத்திருந்த நான். "கடல்" என்ற மூன்றெழுத்தோடு மல்லுக்கட்டி, வேர்த்து வழிந்து, கடைசியில் "கட்டில்" என்கிறேன். கூடத்தில் சிரிக்கிறார்கள். மனிதர்கள்தானே, சிரிப்பார்கள். அது எனக்கு வலிக்கவில்லை. அதற்கப்புறம் திரையிலிருந்த நான் உன் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இத யாருகிட்டயும் சொல்லிடாதம்மா, உன் அத்தைக்கே தெரியாது" என்கிறேனே, அதையும் நீ வெட்டவில்லை. சொல்லாதே என்று கெஞ்சுகிறவனையே நூற்றிருபது பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாய். அதற்குக் கைதட்டல் வேறு.

(இங்கே உன் அத்தை பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். திரும்பி வந்துவிட்டாள். கண் சிவந்திருப்பதற்கு வெங்காயம்தான் காரணமாம். இன்றைக்குச் சமையலில் வெங்காயமே இல்லை.)

அன்று சாயங்காலம் உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கே நினைவிருக்கிறதா? "பேரே போடல மாமா, கற்பவர் ஒன்றுன்னுதான் போட்டேன்" என்றாய். எனக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று, பட்டறை வைத்த பேர் ஒன்று, நீ வைத்த பேர் கற்பவர் ஒன்று. இருக்கட்டும். அப்புறம் சொன்னாய்: "நீங்கதானே மாமா ஒத்துக்கிட்டீங்க. மொத நாளே பச்சை பட்டன அமுக்குனீங்களே!" நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் இல்லை. எந்தப் பட்டன் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

நினைவுக்கு வந்தது. முதல் நாள் திரை முழுக்கப் பொடிப் பொடி எழுத்து. இதில் என்ன போட்டிருக்கிறது என்று நான் கேட்டேன். "சும்மா மாமா, எல்லா ஆப்லயும் வர்றதுதான். இத அமுக்குனாதான் பாடம் தொறக்கும்" என்றாய். அமுக்கினேன்.

நீ விட்டுப்போன டேப்லெட் வீட்டில்தானே இருக்கிறது. மூலையில் இருக்கும் மூன்று கோட்டைத் தொட்டால் பழையதெல்லாம் வரும் என்று நீதான் காட்டியிருந்தாய். தொட்டேன், வந்தது. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மரம் அடுக்கும் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். பத்தொன்பது வரி. ஆறு நாள். "நோக்கங்களுக்காக" என்ற ஒரே சொல் ஒரு முழு மதியத்தைச் சாப்பிட்டது. என் உருவத்தையும் குரலையும் பயிற்சிக்காகப் பிறருக்குக் காட்ட நான் முழு மனதோடு சம்மதிக்கிறேனாம். கடைசி வரிக்கு ஆறாம் நாள் வந்து சேர்ந்தேன். "மேற்கண்டவற்றைப் படித்துப் புரிந்துகொண்டேன்."

மருமகளே, இருபத்திரண்டு வருஷம் நான் புளுகியிருக்கிறேன். திமிங்கலத்தைக் கப்பல் இழுக்க வைத்திருக்கிறேன். ஆனால் இந்த மூன்று சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒரு புளுகு என்னிடம் இல்லை. அதைச் சொன்னவன் நான், சொல்ல வைத்தவள் நீ. ஒரு துணையும் இல்லாமல் நான் முதன்முதலாக முழுசாகப் படித்து முடித்தது ஒரு கதையாக இருந்திருக்கலாம், ஒரு சோப்பு விளம்பரமாகவாவது இருந்திருக்கலாம். இதுவாக இருந்தது. எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டவள் நீதான். திறக்கும் முன்னால், அது மூடியிருந்ததை வைத்து ஒரு காரியம் முடித்துக்கொண்டவளும் நீதான். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கிறேன், முள் நிற்கவே மாட்டேன் என்கிறது.

உன் அத்தை விஷயம். படம் எனக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்தது. மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் நான் உன்னைப் பற்றி ஒரு பெரிய பிரசங்கம் வைத்தேன். துரோகம் என்ற சொல்லை ஒரு நாற்பது தடவை சொல்லியிருப்பேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "இருபத்தாறு வருஷம் உங்க கண்ணாடிய நான் தேடித் தேடி எடுத்துக் குடுத்திருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்துனீங்க. இப்ப அவ என்னை ஏமாத்திட்டான்னு எங்கிட்டயே வந்து அழுதா, நான் என்ன பண்றது? கண்ணத் தொடைக்கத் துண்டு தரவா?" அப்புறம் கேட்டாள், ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று. உலகத்தில் எந்தக் கேள்விக்கும் என்னிடம் உடனடியாக மூன்று பதில் இருக்கும். இதற்கு ஒன்றுகூட இல்லை. இன்றுவரை இல்லை. அவள் இந்தக் கடிதத்தை எழுதித் தருவதால் மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமில்லையாம். அப்படியே எழுதச் சொல்கிறாள், எழுதியாகிவிட்டது.

பட்டறையில் இப்போது பாலிஷ்காரர்தான் வாசிக்கிறார். நான் டீயை வாங்கிக்கொண்டு மரம் அடுக்கும் அறைக்குப் போய்விடுகிறேன். கதவிடுக்கில் கேட்கும். மழை வருமாம், வராதாம், எங்கோ சாலை போடப்போகிறார்களாம். நேற்று ஒரு தச்சன் கத்தினான்: "ஐயோ அண்ணே, அந்தத் திமிங்கலத்தையாவது கூப்பிடுங்க!" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் கால் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்கிறது.

இனி நீ அனுப்பிய தபாலுக்கு வருகிறேன். இந்தத் தடவை காகிதம், பட்டன் இல்லை. அந்தப் படத்தை இன்னும் எட்டுப் பயிற்சி நிலையங்களில் காட்டப்போகிறார்களாம், என் கையெழுத்து வேண்டுமாம். கூடவே நீ எழுதியிருந்த சீட்டு: இது வராவிட்டால் அந்தப் படத்தை வைத்து நீ செய்த பயிற்சிச் செயல்திட்டம் செல்லாது, உனக்குச் சொல்லிவைத்திருக்கும் வேலை இன்னொருத்திக்குப் போய்விடும், மாத முடிவுக்குள் வேண்டும். சீட்டை அத்தை படிக்கவில்லை, நான் படித்தேன். படிவத்தையும் நானே படித்தேன். ஒரே காலை வேளையில். கீழே இரண்டு கட்டம். சம்மதம், சம்மதமில்லை.

இரண்டாவதில் குறி போட்டு, கையெழுத்தும் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அத்தை என்னோடு சண்டைக்கு நின்றாள். "புள்ளையோட பொழப்பு, பாத்துப் பண்ணுங்க" என்றாள். பார்த்துத்தான் பண்ணினேன். அந்தப் படத்தில் இருக்கிறவன் யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் கேட்டுக்கொண்டான். அவனுக்காகப் பேச என்னை விட்டால் வேறு ஆளில்லை.

ஆனால் மாத முடிவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. எண்ணில் நான் தவறமாட்டேன் என்று உனக்குத் தெரியும். வேறொரு படம் எடுக்கப் பதினெட்டு நாள் போதாதா என்ன? நான் இதைச் சும்மா ஒரு கணக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ அன்றைக்கே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? முடியவே முடியாது என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பேன். மறுநாளும் குதித்திருப்பேன். மூன்றாம் நாள் தலை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, "எங்கே உட்காரணும்?" என்று கேட்டிருப்பேன். உனக்கு அது தெரியாதா? என்னோடு ஐந்து மாதம் இருந்தாயே, அதுகூடவா தெரியாமல் போயிற்று?

உனக்கு வேலை கிடைக்கட்டும். உன் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் உட்காரட்டும், நாற்பதும் உன்னிடம் வாய் திறந்து பேசட்டும். அடுத்த சனிக்கிழமை பட்டறை விடுமுறை. நான் நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பேன். கேட்க வேண்டியது எதுவும் இருந்தால் நேரில் வந்து கேள்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்

(இதற்குக் கீழே இருப்பது என் கை. அத்தை தொடவில்லை.)

சாப்பிட்டு விட்டு வராதே. இங்கே சாப்பிடலாம்.