என் குரலைப் பூச்சாண்டி ஆக்கிய மகளுக்கு

என் அன்பு மகளே, அவளோடு ஆட்சியில் சரிபாதி வகிக்கும் மாப்பிள்ளையே, உணவு மேசைக்கு முன்னால் கொடுங்கோலாட்சி நடத்தும் பெரியோர்களே! நானும் உன் அம்மாவும் உடல்நலத்தோடு இருக்கிறோம். நீங்கள் மூவரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று எழுதத்தான் கை விரும்புகிறது. ஆனால் மூவரில் ஒருத்தி நலமாக இல்லை என்பதை ஞாயிற்றுக்கிழமை என் இரு கண்களாலும் பார்த்துவிட்டேன். ஆகவே நலம் கேட்பதை இத்தோடு நிறுத்திக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நாற்பது ஆண்டுகள் ஆலை வாயில்களில் நின்று உழைப்பவர்களுக்காக நான் உயர்த்திய குரலை, மூன்றரை வயதுக் குழந்தையின் தொண்டைக்குள் சோற்றைத் தள்ளும் குச்சியாக்கிவிட்டீர்கள். இதைத் தொலைபேசியில் சொல்லியிருப்பேன். சொன்னால் பக்கத்து அறையில் இருக்கும் அவள் காதில் அந்தக் குரல் மறுபடியும் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிறன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் நான் இருந்த பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று கேள். பேத்தி தும்பியைப் பார்க்கப் போகிறோம் என்று காலையிலேயே முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டு, கைபேசியைத் தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்த்து வைத்துவிட்டு நானும் உன் அம்மாவும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திரையில் நீ வந்தாய், மாப்பிள்ளை வந்தார், பிறகு அவள் வந்தாள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை. அவள் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டி, "முழுங்கிட்டேன் தாத்தா, முழுங்கிட்டேன், பாருங்க" என்றாள். ஏதோ விளையாட்டு என்று எண்ணி நான் சிரித்தேன். என் சிரிப்பின் அளவு உனக்குத் தெரியும். அவள் மேசைக்கு அடியில் போய்விட்டாள். உன் அம்மா சிரிக்கவில்லை. "ஏன்டி, குழந்தை எதுக்கு வாயைத் திறந்து காட்டுது?" என்று கேட்டாள். நீ அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் எழுந்து போனாய். பொய் சொல்லத் தெரியாத மாப்பிள்ளைதான், "அது ஒண்ணுமில்ல அத்தை, மாமா பேசின வீடியோ ஒண்ணு இருக்குல்ல, இவ சாப்பிட அடம்பிடிச்சா அதைப் போடுவோம். நாலு செகண்ட் போதும், தட்டு காலி" என்றார்.

எந்த நான்கு நொடி என்று கேட்டேன். போட்டுக் காட்டினார். "எங்கே ஒளிந்தாய்? வெளியே வா! இன்று உன்னை விடமாட்டோம்!" மகளே, அது எப்போது பேசியது என்று உனக்கு நினைவிருக்கிறதா? முன்னறிவிப்பே இல்லாமல் ஆலையைப் பூட்டிவிட்டு, ஆயிரத்து நூறு பேரை மழையில் நிறுத்திவிட்டு, மேலாளர் பின்னறையில் தாழ் போட்டுக்கொண்ட நாளில் பேசியது. நீதான் முதல் வரிசையில் குடையைக்கூட மடக்கிவிட்டு நின்று, பெருமை பொங்கப் பதிவு செய்தாய். மறுநாள் பேச்சுவார்த்தையில் அந்த மேலாளரே என்னிடம், "நேத்து நீங்க போட்ட கூப்பாட்டுல என் கைல இருந்த கோப்பை நழுவிடுச்சுங்க ஐயா" என்றார். அவருக்கு ஐம்பது வயது, அவர் கதவுக்குத் தாழ் இருந்தது, வாசலில் காவலர் இருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் தரையில் கால் எட்டாத ஒரு குழந்தைக்கு என்ன இருக்கிறது? இரண்டு உள்ளங்கை இருக்கிறது, காதைப் பொத்திக்கொள்ள!

நீயும் விடவில்லை. அடுப்பிலிருந்து திரும்பி வந்து, "மூணு மாசமா இதாலதான் இந்த வீட்ல சாப்பாடே நடக்குது அப்பா. வேலை முடிஞ்சு ஓடிவந்து, இவளைக் காப்பகத்துலேர்ந்து தூக்கிட்டு வந்து, ரெண்டு மணி நேரம் தட்டோட வீடு முழுக்க நடக்கறேன். நீங்க வந்து ஒரு நாள் ஊட்டிட்டுப் பேசுங்க" என்றாய். அதற்கும் மேலே, "இந்த வயசுல எனக்கு நீங்க எத்தனை வேளை ஊட்டியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத் தொடர்பைத் துண்டித்தாய். எதிர்ப்பேச்சுக்கு நான் அஞ்சியவன் அல்லன். ஆனாலும் அன்றைக்கு ஆதரவு தேடி உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, "அவ கேட்டது சரிதானே. மேடையில பேசினது நீங்க, வீட்ல ஊட்டினது நான். இதுக்குப் பதில் நான்தான் சொல்லணும், நீங்க எழுதுங்க" என்றாள். ஆகவே இனி வருவதில் அறிவெல்லாம் அவளுடையது. சினம் இருவருக்கும் பொது.

முதலில் மூச்சைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். போன வியாழக்கிழமை அந்தக் குரலைக் கேட்டதும் தும்பி ஒரு திராட்சையை முழுசாக விழுங்கி, இருமி, கண் செருகி, மாப்பிள்ளை குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டிய பிறகு அது வெளியே வந்தது என்று ஞாயிறன்று அவரே சொன்னார், ஏதோ கண்டம் தப்பிய நிம்மதியில். அதைக் கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா குழந்தைகள் பிரிவில் முப்பது ஆண்டு செவிலியாக இருந்தவள். அப்படித் தூக்கிவரப்பட்ட எல்லாக் குழந்தையும் வீடு திரும்பவில்லை என்று அறிந்தவள். வாயில் உணவோடு இருக்கும் பிள்ளை திடுக்கிட்டால் மூச்சை உள்ளே இழுக்கும், மூச்சோடு வாயிலிருப்பதும் போகும். அச்சத்தில் மெல்லாமல் விழுங்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டு. கொட்டைப் பருப்பை முழுசாகக் கொடுக்காதே. நடந்துகொண்டு, ஓடிக்கொண்டு, அழுதுகொண்டு இருக்கும்போது ஒரு கவளம்கூட வாயில் போகக்கூடாது. உட்கார வை, நீயும் எதிரில் உட்கார், கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். இவற்றில் ஒன்றுக்காவது வீரம் தேவையா?

அடுத்தது தட்டு. அன்று திரையில் தெரிந்த தட்டை நானும் பார்த்தேன், அது எனக்கே இரண்டு வேளைக்குக் காணும். அவள் உள்ளங்கை அளவு வை, காலியானால் மறுபடி கேட்கட்டும். என்ன சமைப்பது, எப்போது உண்பது என்று முடிவு செய்வது உன் வேலை. எவ்வளவு உண்பது என்று முடிவு செய்வது அவள் வயிற்றின் வேலை. அரைமணி நேரம் ஆனதும் முகம் சுளிக்காமல் தட்டை எடுத்துவிடு. வசவு வேண்டாம், கெஞ்சல் வேண்டாம், 'சாப்பிட்டா மிட்டாய்' என்ற கையூட்டும் வேண்டாம். அடுத்த வேளைக்கு முன் நொறுக்குத்தீனி கொடுத்து வயிற்றை அடைக்காதே. காப்பகத்தில் மாலை நான்கு மணிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று எப்போதாவது கேட்டாயா? உன் அம்மா கேட்கச் சொல்கிறாள். பசியே இல்லாத குழந்தையோடு மூன்று மாதம் போரிட்டிருக்கலாம் நீ! எடை ஏறவில்லை என்றாலோ, விழுங்கத் திணறினாலோ, நான்கு நொடிக் காணொளி மருந்தாகாது, குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போ. தானே அள்ளி உண்ணட்டும், தரையெல்லாம் சோறு சிந்தட்டும், கீழே பழைய துணியை விரித்துப்போடு. தரையைத் துடைக்க மாப்பிள்ளைக்கும் இரண்டு கை இருக்கிறது. இதை அவர் கேட்கும்படி உரக்கப் படி.

பல் துலக்க மாட்டேன் என்கிறாளா, இரண்டு பல்துலக்கி வாங்கி 'எது வேணும்' என்று கேள். துலக்கலாமா வேண்டாமா என்று கேட்காதே. விளையாட்டை விட்டு வர மாட்டேன் என்கிறாளா, திடுமென்று தூக்கிக்கொண்டு போகாமல், 'இன்னும் அஞ்சு தடவை சறுக்கிட்டுக் கிளம்பலாம்' என்று முன்கூட்டியே சொல், ஐந்தாவது முடிந்ததும் சொன்ன சொல்லில் நில். எட்டு வீடு கேட்க அறைக்குள்ளிருந்து கத்தாமல், அருகில் போய்க் குந்தி உட்கார்ந்து கண்ணைப் பார்த்துச் சொல். உரக்கக் கத்துவதன் பயன் என்ன என்று வாழ்நாள் முழுவதும் கத்தியவன் சொல்கிறேன்: தொலைவில் இருப்பவனுக்குத்தான் அது தேவை. பெற்ற பிள்ளை கை எட்டும் தூரத்தில் அல்லவா இருக்கிறாள்!

இன்னொன்றையும் எழுதச் சொன்னாள் உன் அம்மா. அவள் பணிசெய்த பிரிவில் பெற்றோர் பலர் அவளைக் கைகாட்டி, 'அடம்பிடிச்சா அந்த ஊசிக்காரம்மாகிட்டக் கொடுத்துடுவேன்' என்பார்களாம். "நான் மருந்து கொடுக்கப் போனாலும் அலறுவாங்க, முத்தம் கொடுக்கப் போனாலும் அலறுவாங்க. நிஜமாவே உயிர் போற நேரத்துல நாலு பேர் சேர்ந்து அமுக்கினாத்தான் ஊசி போட முடியும். நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலையே" என்றாள். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "இப்ப உங்க முறை" என்றாள். காவலர் பிடித்துப் போவார், மருத்துவர் ஊசி போடுவார், தாத்தா வந்துவிடுவார் என்று மிரட்டி வளர்த்தால், தொலைந்துபோகும் நாளில் அவள் எந்தக் காவலரிடம் போய் நிற்பாள்? அடிபட்ட நாளில் எந்த மருத்துவரிடம் கை நீட்டுவாள்? அடுத்த மாதம் நாங்கள் வரப்போவதைச் சொன்னபோது, "தாத்தா வந்தா கதவைப் பூட்டிடலாமா?" என்று அவள் கேட்டதாக மாப்பிள்ளை உன் அம்மாவுக்கு எழுதியிருக்கிறார். மூன்று நாளாக அந்த ஒரு வரியோடுதான் எழுந்து நடமாடுகிறேன். உனக்கு ஊட்டாமல் ஊர்சுற்றியவன் நான், அதை மறுக்கவில்லை. அந்தக் குறையை உன் மகளிடமாவது தீர்க்கலாம் என்று எண்ணியிருந்தேன் மகளே, அதையும் உன் கையாலேயே பறித்துக்கொண்டாய்! பயணச்சீட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் அவளாக வேண்டும் என்று கேட்கும்வரை என் முகமும் குரலும் அந்தத் திரையில் வரா. அவள் கேட்காவிட்டால் உன் அம்மா தனியாக வருவாள்.

நீ சோர்ந்திருக்கிறாய் என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை. உன் அம்மா உன் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையைப் பற்றித்தான் அன்று முழுவதும் பேசினாள். வாரத்தில் மூன்று இரவு உணவை மாப்பிள்ளை பொறுப்பில் விட்டுவிட்டு நீ கதவைச் சாத்திக்கொண்டு படு, அவர் திணறினாலும் எழுந்து வராதே. நீங்கள் இருவரும் நோயின்றி, மனக்குறையின்றி, ஒருவருக்கொருவர் தோள்கொடுத்து நெடுங்காலம் வாழ வேண்டும். தும்பி யாருக்கும் அஞ்சாமல் வளர வேண்டும், எனக்கும்தான். காப்பகத்தில் நாலு மணித் தீனியைக் கேட்க மறக்காதே.

இனி நீ செய்ய வேண்டியது. இந்தத் தாளைக் கீழே வை. கைபேசியை எடுத்து அந்த நான்கு நொடியை அழி, மாப்பிள்ளையிடம் இருப்பதையும் அழிக்கச் செய். பிறகு அவள் விளையாடும் இடத்துக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, 'தாத்தா உன்னைத் திட்டவே இல்லை கண்ணு, அவர் வேற யாரையோ திட்டினதை அம்மாதான் போட்டுப் போட்டு உன்னைப் பயமுறுத்திட்டேன், அம்மா பண்ணினது தப்பு, இனிமே போடமாட்டேன்' என்று உன் வாயால் சொல். அடுத்த வேளை உணவுக்கு முன்னால் சொல். எழுந்திரு மகளே, இப்போதே போ!

சினம் ஆறாத,
உன் அப்பா