ரோசியின் முதல் கவளம்

வெள்ளிக்கிழமை, இரவு.

எனக்கு எழுத வராது. போனில் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. சாப்பிட வாயைத் திறந்தால் என் தாடை 'டக்' என்று சொடுக்கும். அது சொடுக்காமல் இருக்க, சின்னக் கவளமாக, வாயை அதிகம் திறக்காமல் மென்று சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. இன்று சத்தமே வரவில்லை. பெருமையாக நிமிர்ந்தால், என் மனைவி ரோசி தட்டில் கை வைக்காமல் இருக்கிறாள்.

"இன்னாமே, துன்னலியா?"

"நீயே இன்னும் வாய் வெக்கலியே. கொழம்புல உப்பு ஜாஸ்தியா? எம்மேல கோவமா கீறியா?"

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நான் வாய் வைத்த பிறகுதான் சாப்பிடுவாள். கண் மங்கியதிலிருந்து அந்த 'டக்'தான் அவளுக்கு அடையாளம்.

வாயைப் பெரிதாகப் பிளந்தேன். டக்.

"ஆங், இப்ப சரி" என்று சங்கரா மீனைப் பிய்த்தாள்.

இப்போது காதுவரை வலிக்கிறது. நாளையிலிருந்து முதல் வாய்க்கு மட்டும் ஒரு டக். மீதியெல்லாம் டாக்டரம்மா சொன்னபடி.