கார்டுக்காகப் படுத்த கட்டில்

அன்பு மவள் நாகேஸ்வரிக்கு அம்மா எழுதுறது. நான் சொகமாக் கீறேன். உத்தரமேரூர்ல மழையா? நைனாவுக்கு நெஞ்சு வலி எப்படிக் கீது?

நைனா ஆபரேசனுக்குப் போனப்போ, நம்ம குடும்பத்துக் காப்பீட்டுக் கார்டுல இந்த வருசப் பணம் தீந்துபோச்சுன்னாங்கன்னு போன்ல அழுதியே. அது என்னாலதான்டி. நான் கூட்டிப் பெருக்கிக்கினு இருந்த இந்தக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில, மேனேஜரு கார்டு நம்பர வாங்கிக்கினு, மூணு தபா என்னைக் கட்டில்ல படுக்க வெச்சு, கையில டியூப்ப ஒட்டிப் படம் புடிச்சான். "கைநாட்டா ஆயா?"ன்னு சிரிச்சான். "அஞ்சாவது படிச்சவடா"ன்னு, காகிதத்தைப் படிச்சுப் பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். சீக்கே இல்லாத எனக்கு வைத்தியம் பாத்ததா கவர்மெண்டுக்கு நேரா பில்லு அனுப்பிப் பணம் வாங்கிக்கினாங்க.

பயப்படாதே. நேத்து கலெக்டர் ஆபீசுல நானே மனு எழுதிக் குடுத்தேன். "நீயும் மாட்டுவே ஆயா"ன்னாரு கிளார்க்கு. "மாட்டிக்கிறேன், எங்க வூட்டுக்காரருக்குக் கார்ட தெறந்து வுடுங்க"ன்னேன். ஆஸ்பத்திரியில என்னை வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க. விசாரணை முடியிற வரைக்கும் இங்கியே கோயமுத்தூர்ல ஒரு வாடகை ரூமுல கீறேன்.

கருவாடு கொஞ்சம் அனுப்பு. உன் கையால ரெண்டு வரியும் எழுது. தபால் எடுக்குற நேரமாச்சு. ஆபரேசன தள்ளிவெச்சது டாக்டருன்னே நைனாகிட்ட சொல்லு. என் பேரு வேணாம்.