டீ ஆறும் இடத்தில் நின்ற மெட்டு

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன்.

எங்கள் குழுவின் பைப் வாத்தியக்காரன் ஃபெர்கல் பனியில் வழுக்கிக் கையை ஒடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டான். இன்னும் பாதிச் சுற்றுப்பயணம் மிச்சம். பிரேமனில் ஹென்னிங் என்றொரு ஜெர்மன்காரர் அவனுக்குப் பதிலாக வாசிக்க வந்து, பைப்பின் துருத்தியைக் கக்கத்தில் இடுக்கி, நம் கிளேர் மெட்டொன்றைப் பிரமாதமாக வாசித்தார். நடுவில் மட்டும் சட்டென்று நிறுத்தி, பிறகு தொடர்ந்தார்.

"ஏன் நிறுத்துனீங்க?" என்று கேட்டேன்.

"மெட்டே அப்படித்தாம்மா! அயர்லாந்துல, உங்க கிளேர் பக்கம் பதிவு பண்ண பழைய கேசட்டைக் கேட்டுத்தான் கத்துக்கிட்டேன். அந்த இடத்துல ஒரு அம்மா, 'டோனல், டீ ஆறுது!'ன்னு கத்துவாங்க. வாசிக்கிறவரும் நிறுத்திட்டுத்தான் தொடர்வாரு."

கேசட்டைப் போடச் சொன்னேன். வாசித்தது நீங்களேதான், அப்பா. அம்மா போய் ஆறு வருஷம் கழித்து அவள் குரலைக் கேட்டேன்.

ஹென்னிங்கைச் சேர்த்துக்கொண்டோம். அந்த இடத்தை மாற்றச் சொல்ல மனம் வரவில்லை. இப்போது மேடையில் நாங்கள் எல்லோருமே அங்கே நிறுத்துகிறோம்.

ஹீட்டர் சூட்டில் அவருடைய சீவாளிகள் காய்ந்துபோகின்றன. நீங்கள் செய்ததில் இரண்டு அனுப்புங்கள். நம் வீட்டு டீத்தூளும் கொஞ்சம்.

வேன் கிளம்புகிறது. டீயை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், அப்பா.

நூலா